முப்பத்தொன்றாம் மரம்

மார்ச் 3, செவ்வாய்

கட்டுப் போட்ட காலை நாற்காலி மேல் நீட்டிக்கொண்டு எழுதுகிறேன். டிப்போவில் இருபத்தெட்டு வருடமாக ஏறி இறங்கிய அதே நாலு படி. போன வாரம் மட்டும் ஐந்தாவதாக ஒன்று இருப்பதாக நினைத்துக் காலை வைத்துவிட்டேன். எந்த பஸ் எத்தனை மணிக்குப் போகிறது, வருகிறது என்று குறித்துவைப்பது என் உத்தியோகம். என் கால் எங்கே போகிறது என்று குறிக்க ஆள் போடவில்லை. டிரைவர்கள் சிரிக்காமல் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்லவர்கள் என்று நினைக்க வேண்டாம், சிரிப்பை கேன்டீனுக்கு எடுத்துவைத்திருந்தார்கள்.

ஆறு வாரம் வீட்டில். நடக்கக் கூடாது, நிற்கக் கூடாது என்றார் டாக்டர். யோசிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆளைப் பார்த்ததும் அது தேவையில்லை என்று தோன்றியிருக்கும்.

மகள் இன்றும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். ஆராய்ச்சியில் ஆறாவது வருடம். ஏப்ரல் 30க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருடமும் காற்றில். அவளுடைய பேராசிரியர் படித்தாரா என்று கேட்டேன். படித்தாராம். என்ன சொன்னார்? "ஹும்" என்றாராம். அவ்வளவுதானா? அவ்வளவுதானாம். போன மாதம் என்ன சொன்னார்? அப்போதும் "ஹும்"தானாம்.

இதற்கு ஒரு மனிதருக்குச் சம்பளமும் தனி அறையும் சுழலும் நாற்காலியும். எங்கள் டிப்போ வாசலில் படுத்திருக்கும் நாய்கூட ஆளுக்கு ஏற்றமாதிரி நாலு விதமாகக் குரைக்கும். இன்று முதல் அவருக்கு ஹும் சார் என்று பெயர் வைத்தாயிற்று.

மார்ச் 4

ஆய்வேட்டின் தலைப்பை எழுதி வாங்கினேன். "கலப்பெண் பரப்புகளின் தனித்த சிங்குலாரிட்டிகளுக்கான சேர்வியல் மாறிலிகள்." பஸ் நெற்றியில் எழுதினால் பின் கண்ணாடிவரை போகும்.

மார்ச் 6, வெள்ளி

சும்மா உட்கார்ந்து வீட்டிலிருப்பவர்களை ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று இவள் (என் சம்சாரம், மருந்துக் கடை கவுன்டரில் நிற்கிறாள், என்னைப் பார்க்கிற பார்வையே மருந்துச் சீட்டைப் பார்க்கிற பார்வை) மகளிடம் சொல்லி எனக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தாள். ஹும் சார் பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு பத்திரிகையில் அச்சிட்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. அறுபத்துநாலு படங்கள். ஒவ்வொன்றும் புள்ளிகளும் கோடுகளும்; கிளை விட்டுப் போவதால் மரம் என்கிறார்கள். மகள் அதே அறுபத்துநாலையும் தன் ஆய்வேட்டில் புதிதாக வரைந்திருக்கிறாள். அதையும் இதையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட வேண்டும். எனக்குக் கைவந்த வேலை. டிரைவர் எழுதிய நேரச் சீட்டையும் கண்டக்டர் எழுதியதையும் ஒப்பிட்டே தலை நரைத்தவன்.

இதெல்லாம் என்ன என்று கேட்டேன். ஒரு பரப்பு இருக்கிறதாம். எல்லா இடமும் வழுவழு, ஒரே ஒரு இடம் மட்டும் கிள்ளிவிட்டமாதிரி. அந்தக் கிள்ளலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கும். உருண்டைக்கு ஒரு புள்ளி, தொடும் இடத்துக்கு ஒரு கோடு. ஒவ்வொரு உருண்டையும் தன்னைத் தானே எத்தனை முறை வெட்டிக்கொள்கிறது என்று பக்கத்தில் ஓர் எண். மைனஸ் மூன்று, மைனஸ் ஐந்து, இப்படி.

மைனஸ் மூன்று முறை எப்படி வெட்டும், கத்தியைத் திருப்பிப் பிடித்தா என்று கேட்டேன். எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 11, புதன்

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அறுபத்துநாலையும் ஒப்பிட்டு முடித்தேன். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. பெருமையாகவும் ஏமாற்றமாகவும் இருந்தது. ஹும் சாருடைய பட்டியலில் பாதிக்கு மேல் புள்ளிகளுக்கு எண்ணே இல்லை. சோம்பேறித்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? நான் ஒரு பஸ்ஸின் நேரத்தைக் குறிக்காமல் விட்டால் அன்றே மெமோ.

அடுத்து என்ன செய்யட்டும் என்று அரித்தெடுத்ததில், வாயை அடைக்க ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். முதலில் எல்லாப் புள்ளியிலும் 1 எழுது. பிறகு ஏதாவது ஒரு புள்ளியைப் பார். அக்கம்பக்கத்துப் புள்ளிகளில் இருப்பதைக் கூட்டு. இந்தப் புள்ளியில் இருப்பதை அதன் எடையால் பெருக்கிக் கழி. எடை என்பது மைனஸை எடுத்துவிட்ட அந்த எண். மிச்சம் வந்தால் இங்கே ஒன்று ஏற்று. வராவிட்டால் அடுத்த புள்ளிக்குப் போ. எங்குமே மிச்சம் வராதபோது ஆட்டம் முடிந்தது. எந்தப் புள்ளியில் ஆரம்பித்தாலும், எந்த வரிசையில் போனாலும், கடைசியில் ஒரே விடைதான் நிற்குமாம்.

இதைத்தானா ஆறு வருடமாகச் செய்கிறாய் என்று கேட்டேன். "அப்பா, இது வாசப்படி" என்றாள்.

வாசப்படி என்றதும் கால் வலித்தது.

மார்ச் 12

ஆட்டம் முடியவில்லை. காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை ஒரே மரம். எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன.

மார்ச் 13

இன்றும். ஆறு தாள். என் மகளை இப்படிப்பட்ட ஒரு படிப்புக்கா அனுப்பினேன்.

மார்ச் 14, சனி

விஷயம் இதுதான். எண் எழுதாத புள்ளிக்கு எடை சைபர் என்று நான் வைத்துக்கொண்டேன். எந்தப் பயல்தான் அப்படி வைத்துக்கொள்ள மாட்டான்? மகள் தாள்களைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த மாதத்தில் அவள் சிரித்தது இதுதான் முதல் தடவை என்பதால் மன்னித்தேன்.

"அப்பா, எண் போடலேன்னா மைனஸ் ரெண்டுன்னு அர்த்தம். அதுதான் நெறைய வரும். அதனால யாருமே எழுத மாட்டாங்க."

உலகம் பூராவுமா? ஆமாம், உலகம் பூராவும். எழுதுவதுதான் இவர்களுக்கு இருக்கும் ஒரே வேலை. அதையும் எழுதாமல் விடுவதற்கு ஒரு மரபு வைத்திருக்கிறார்கள்.

காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த இவள் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "மருந்துச் சீட்டுல எத்தன மாத்திரைன்னு போடலேன்னா நாங்க ரெண்டுன்னு வெச்சுக்க மாட்டோம். டாக்டருக்குப் போன் பண்ணிக் கேப்போம்."

அம்மாவிடம் வாதாடி யாரும் இந்த வீட்டில் ஜெயித்ததில்லை.

மார்ச் 16, திங்கள்

முடிந்தது! எட்டுப் புள்ளி மரம். மூன்று கிளை கூடும் முச்சந்தியில் 6 வந்து நின்றது. ஒரு கிளையில் 3, ஒன்றில் 4, 2, இன்னொன்றில் 5, 4, 3, 2. இருபத்தொரு தடவை ஏற்றியபின் எங்குமே மிச்சம் இல்லை. வேறு வரிசையில் திரும்பப் போட்டேன். அதே விடை. வேண்டுமென்றே குளறுபடியாகப் போட்டேன். அதே!

எங்கள் டிப்போவில் 14-ஆம் எண் பஸ்ஸை 9-க்கு முன்னால் விட்டால் ஊரே ஸ்தம்பிக்கும். இங்கே எப்படி விட்டாலும் எல்லாரும் போய்ச் சேருகிறார்கள். வெட்கத்தை விட்டுச் சொன்னால் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

பத்தாம் வகுப்புக் கணக்கில் 41 வாங்கியவன், இதைத் தினம் ஐந்து மரம் வீதம் முடிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் தெரியாது.

மார்ச் 19, வியாழன்

இருபது மரம் ஆயிற்று.

மச்சான் வந்திருந்தான். கட்டடம் கட்டுகிறவன். காலைப் பற்றி ஒரு நிமிடம், பிறகு மகளைப் பற்றி ஒரு மணி நேரம். இந்தப் படிப்பால் என்ன பிரயோஜனம், ஒரு சுவராவது நிற்குமா என்றான். போன வருடம் அவன் கட்டிய சுவர் ஒன்று நிற்கவில்லை என்பதை மரியாதைக்காக நினைவுபடுத்தவில்லை. ஏப்ரல் முடிவில் டாக்டர் பட்டத்துக்குக் கொடுத்துவிடுவாள், பிறகு நீயே வாசலில் பெயர்ப்பலகை மாட்டித் தா என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான்.

மார்ச் 21, சனி

ஹும் சாரை நான் ஒரு தடவை நேரில் பார்த்திருக்கிறேன் என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன். மகள் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டாள், கொடுக்கப் போனேன். அவளுடைய கல்லூரியில் நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். மருத்துவமனையென்றால் முனகலாவது கேட்கும். அவர் பெயர் போட்ட கதவு திறந்தது. ஒட்டி உலர்ந்த மனிதர், கையில் சாக்பீஸ், சட்டையில் பொத்தான் ஒன்று இடம் மாறியிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்து, லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவரா என்றார்.

இல்லை, உங்கள் மாணவியின் அப்பா என்று சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எந்த மாடி சார்?" என்றேன்.

இன்று வரை மகளிடம் சொல்லவில்லை.

மார்ச் 23, திங்கள்

முப்பது மரம் முடிந்தது. எல்லாம் ஒழுங்காக நின்றன. முப்பத்தொன்று கொஞ்சம் பெரியது, பதினேழு புள்ளி, இரண்டு முச்சந்தி. நாளைக்கு.

மார்ச் 24

நிற்கவில்லை. எங்கோ தப்பாகக் கூட்டியிருக்கிறேன்.

மார்ச் 25, புதன்

மூன்று தடவை போட்டாயிற்று. வெவ்வேறு வரிசை. ஒரு முச்சந்தியில் நானூறைத் தாண்டியதும் பென்சிலைக் கீழே வைத்தேன். சைபர் என்று வைத்துக்கொண்ட முட்டாள்தனம் இல்லை, எல்லா வெற்றுப் புள்ளிக்கும் 2தான் போட்டேன். அச்சில் உள்ள படத்தை ஒப்பிட்டேன், மகள் வரைந்ததை ஒப்பிட்டேன், இரண்டும் ஒன்று.

41 மதிப்பெண்ணுக்கு இவ்வளவுதான் வரும். ராத்திரிச் சாப்பாட்டின்போது மகளிடம் சொன்னேன். "கூட்டல் தப்பா இருக்கும்ப்பா" என்றாள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தக் குரல் எனக்குத் தெரியும். டிரைவர்கள் வந்து நேரத்தைப் பற்றித் தகராறு செய்யும்போது எனக்கு வரும் குரல்.

மார்ச் 27, வெள்ளி

எனக்குக் கூட்டத் தெரியும் என்று நிரூபிப்பதற்காக இல்லை. நிரூபிப்பதற்காகத்தான். தாள்களைத் தேதி போட்டு அடுக்கி அவள் மேஜையில் வைத்தேன்.

காலையில் காபி டம்ளருடன் நின்றபடியே புரட்டினாள். பிறகு உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். நாலு நொடி ஆகியிருக்கும். திரும்பத் தட்டினாள். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னம்மா, என் தப்பா?"

"இல்ல."

காபி ஆறி ஆடை கட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கல்லூரிக்குப் போகவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

எனக்கு விளங்கிய அளவில் எழுதிவைக்கிறேன். பிற்காலத்தில் இதைப் படிக்கப்போகிறவன் நான்தான், அவனுக்கும் பத்தாம் வகுப்புதான்.

ஆட்டம் முடியாத மரம் எந்தப் பரப்பின் கிள்ளலிலிருந்தும் வர முடியாதாம். அது ஒரு விதி. அப்படியென்றால் முப்பத்தொன்றாம் மரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனால் ஹும் சாரின் பட்டியலில் இருக்கிறது. எப்படி? மகள் ஒவ்வொரு வெற்றுப் புள்ளியாக மாற்றிப் பார்த்தாள். இரண்டாவது முச்சந்திக்குப் பக்கத்துப் புள்ளியில் மைனஸ் 3 என்று போட்டால் எல்லாம் சரியாக நிற்கிறது. யாரோ அந்த 3-ஐ எழுத விட்டுவிட்டார்கள். வேறு தொழிலில் எண் விட்டுப்போனால் இடம் காலியாக இருக்கும், பார்த்தவன் கேட்பான். இவர்களுடைய தொழிலில் விட்டுப்போனால் அது தானாகவே 2 ஆகிவிடுகிறது. காலி இடமே கிடையாது. பதினைந்து வருடமாக உலகத்து மேதைகள் அதை 2 என்று படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது போகட்டும். மகள் ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருக்கிறாள். மரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பரப்பையே பார்க்காமல், அந்தக் கிள்ளல் எவ்வளவு மோசமானது என்று ஓர் எண் சொல்லும் சூத்திரம். பட்டியலில் ஹும் சார் பரப்பைப் பார்த்தே கணக்கிட்டு வைத்த எண்களோடு அறுபத்துமூன்றில் பொருந்தியது. ஒன்றில் மட்டும் பொருந்தவில்லை. எது? அதுதான். பட்டியலில் தப்பிருக்கும் என்று இவளுக்குத் தோன்றவில்லை. பட்டியலை யாரும் திரும்பப் போட்டுப் பார்க்க மாட்டார்களாம், மரியாதைக் குறைவாம். அதனால் முப்பத்தொன்றாம் மரம் மட்டும் ஏன் அடங்கவில்லை என்று இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு விளக்கம் கட்டினாள். அதுதான் மூன்றாம் அத்தியாயம். நூற்றுப் பத்துப் பக்க ஆய்வேட்டில் அறுபத்துநாலு பக்கம் அது. ஹும் சாரும் அவளும் சேர்ந்து அதை ஒரு கட்டுரையாகவும் அச்சிட்டுவிட்டார்கள்.

இல்லாத மரத்துக்கு இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

அந்த 3-ஐப் போட்டால் சூத்திரம் அறுபத்துநாலுக்கும் பொருந்துகிறதாம். நல்லதுதானே என்றேன். "நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

மார்ச் 31, செவ்வாய்

ஹும் சாரிடம் போய்ச் சொன்னாள். தாளைப் பார்த்தாராம். ஜன்னலைப் பார்த்தாராம். பிறகு, இந்த ஆறு வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் வந்ததாம்: அந்த அத்தியாயம் அப்படியே இருக்கட்டும், தேதிக்குக் கொடுத்துவிடு, யார் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள்.

கொம்பு முளைத்தவர்கள் செய்கிற காரியத்தைப் பார். எங்கள் டிப்போவில் பத்து நிமிடம் தாமதத்தைப் பூசி மெழுகுகிற கண்டக்டர் இருக்கிறான், அவனை எல்லாரும் திருடன் என்கிறோம். இவர் அறுபத்துநாலு பக்கத்தைப் பூசி மெழுகச் சொல்கிறார், இவரைப் பேராசிரியர் என்கிறோம். தன் பெயர் போட்ட கட்டுரை போய்விடுமாம், பட்டியல் போய்விடுமாம். போகட்டுமே! சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடத் தெரியாதவர் மைனஸ் மூன்றை எங்கே போடுவார்? ஒரு பெண்பிள்ளையின் ஆறு வருடத்தைத் தான் விட்டுவிட்ட ஒரு பென்சில் கீறலால் பாழாக்கிவிட்டு, அதன் மேல் பாய் விரித்துப் படுக்கச் சொல்கிற இந்த

(இவள் வந்து டீ வைத்துவிட்டு, பேனாவைக் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்த வேண்டாம் என்றாள்.)

ஏப்ரல் 2, வியாழன்

எழுதலாமா வேண்டாமா என்று நாள் முழுக்க யோசித்தேன். எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் சமையலறை வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். நான் ஊன்றுகோலோடு போய்ப் பக்கத்தில் நின்றேன். ஆறு வருடம், ஏப்ரல் 30, மச்சான், பெயர்ப்பலகை, பக்கத்து வீடு, எல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் சொன்னேன்.

"இப்ப கொடுத்துடு கண்ணு. பட்டம் கையில வந்தப்புறம் திருத்திக்கலாம். அவ்வளவு பெரிய புஸ்தகத்துல யாரு ஒக்காந்து எண்ணிப் பாக்கப்போறாங்க?"

உள்ளே இவள் குழாயை மூடியது கேட்டது.

மகள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீ எண்ணிப் பாத்தியேப்பா."

ஏப்ரல் 3

ஹும் சார் சொன்னதும் நான் சொன்னதும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்று. ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், பிசகே இல்லை.

ஏப்ரல் 4

அவருக்காவது சுழலும் நாற்காலி இருக்கிறது. எனக்கு என்ன சாக்கு?

ஏப்ரல் 8, புதன்

மகள் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டாள். ஆய்வேடு நாற்பத்தாறு பக்கம் ஆகிவிட்டது. காலண்டர் தடிமன்கூட இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹும் சாருக்கு ஒரு கடிதம் எழுதினாள், எனக்குப் படித்துக் காட்டினாள். பட்டியலில் பிழை என்று எங்கேயும் எழுதவில்லை, "31-இல் ஓர் எடை விடுபட்டிருக்கலாம்" என்று எழுதியிருந்தாள். லாமாவது கீமாவது, விடுபட்டிருக்கிறது என்றே போடு என்றேன். போன வாரம் சமையலறை வாசலில் அப்படிச் சொன்னவனுக்கு இந்த வீரம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அவள் அப்படியே விட்டுவிட்டாள். அந்த மனிதரிடம் அவளுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. எனக்குப் புரியவில்லை. என்னிடமும் இருக்கிறதா என்று கேட்கத் தைரியமில்லை.

ஏப்ரல் 14

கட்டுப் பிரித்தார்கள். கால் இன்னொருத்தன் கால்மாதிரி வெளுத்து மெலிந்திருக்கிறது. நடக்கச் சொன்னார்கள். நடந்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

டிப்போவுக்குப் போனேன். படிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கிறார்கள். "அண்ணே, அஞ்சு இல்லண்ணே" என்று மெக்கானிக் கத்தினான். பரவாயில்லை, எண்ணாவது போட்டார்கள்.

வீட்டில் நிலைமை இது: ஹும் சார் கடிதத்துக்குப் பதில் தரவில்லை. அவருடைய கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டையும் கொடுக்க முடியாது, கூடுதல் அவகாசமும் கேட்க முடியாது. துறைக்குப் போனால் கதவு பூட்டியிருக்கிறது. விடுப்பில் இருக்கிறாராம். ஓடி ஒளிந்துகொண்டார் என்று நான் மொழிபெயர்த்தேன். மகள் அந்த மொழிபெயர்ப்பை ஏற்கவில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

போயிற்று.

மத்தியானம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணி துவைத்தாள். எல்லாருடைய துணியும், துவைத்த துணியும் சேர்த்து.

மே 6, புதன்

மச்சான் போன் செய்தான். பெயர்ப்பலகைக்கு மரமா பித்தளையா என்று கேட்டான். அவன் தெரியாமல்தான் கேட்டான். அவனைத் திட்ட ஒரு வழியும் கிடைக்கவில்லை, அதுதான் அதிக எரிச்சல்.

"பலகை வேண்டாம்" என்றேன். ஏன் என்றான். தப்பான ஒன்றைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்றேன். பிறகு, போன வருடம் விழுந்த சுவரை அவனே ஆள் வைத்து இடிக்கச் சொன்னதாகவும், விழுந்தது என்று வெளியில் சொல்லிக்கொண்டதாகவும் சொன்னான். சிமென்ட் கலவை தப்பாம். எனக்கு இது தெரியாது. ஒருவரையும் முழுதாக ஏளனம் செய்ய விடமாட்டேன் என்கிறார்கள்.

மகள் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.

மே 19, செவ்வாய்

ஹும் சார் வீட்டுக்கு வந்தார்.

நான் டிப்போவிலிருந்து திரும்பி லுங்கி மாற்றியிருந்தேன். கதவைத் திறந்தால் அவர். சட்டை முழுக்க ஒட்டடை, கையில் கயிறு கட்டிய பழைய காகிதக் கட்டு. என்னை அடையாளம் தெரியவில்லை. தெரியாததே நல்லது. மகளைக் கூப்பிட்டேன். உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தபின் கட்டை அவிழ்க்க வராமல் கயிற்றோடு மல்லாடினார். இவள் கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டினாள்.

பதினைந்து வருடத்துக்கு முந்தைய கையெழுத்துப் படி. முப்பத்தொன்றாம் மரம். இரண்டாவது முச்சந்திக்குப் பக்கத்தில், நீலப் பென்சிலில், ஈ உட்கார்ந்த மாதிரிச் சின்னதாக: −3.

"மூணுதான்" என்றார். "அச்சுக்கு நகல் எடுக்கும்போது நான்தான் விட்டிருக்கேன்."

கல்லூரி அறை, தம்பி வீட்டுப் பரண், பழைய வீட்டுக்காரரின் கொட்டகை என்று மூன்று வாரமாகத் தேடினாராம். அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்க நாக்கு வரை வந்தது. அவரே சொன்னார். ஆட்டத்தைக் கையால் போட்டுப் பார்த்தாராம்.

"கம்ப்யூட்டர்ல போட்டா நாலு செகண்டு சார்" என்றாள் மகள், தயங்கி.

அது தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். எண்ணிப் பார்த்தது நீங்களா? ஆமாம் சார். எதுவரைக்கும் போனீர்கள்? நானூறு தாண்டியதும் விட்டுவிட்டேன் என்றேன்.

"நான் ரெண்டாயிரம் வரைக்கும் போனேன்" என்றார். "நின்னுடும் நின்னுடும்னு."

இரண்டரை மாதமாகச் சேர்த்துவைத்த ஏளனம் அத்தனையும் வாய்க்குள் இருந்தது. ஒன்றையும் எடுக்க முடியவில்லை. தப்பானது எப்படியாவது நின்றுவிடும் என்றுதானே நானும் அன்று சமையலறை வாசலில் வேறு வார்த்தையில் சொன்னேன்.

அவகாசம் கேட்கும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். தேதி தாண்டிவிட்டாலும் நாலு மாதம் கிடைக்கும், தாமதத்துக்குக் காரணம் தன் பிழை என்று தானே எழுதித் தருவதாகச் சொன்னார். எழுதினார். எழுத்து கோழி கிளறியமாதிரி. இதை எழுதாவிட்டால் இது என் நாட்குறிப்பே இல்லை.

போகும்போது செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

ஜூன் 11, வியாழன்

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பட்டியலுக்கு ஒரு திருத்தம் போகிறது, இரண்டு பேர் பெயரிலும். ஒன்று தப்பென்றால் மற்றவையும் சந்தேகம்தானாம். கம்ப்யூட்டரில் மகள் பார்த்துவிட்டாள், எல்லாம் சரி. ஆனால் ஹும் சாருக்குக் கையாலும் பார்க்க வேண்டுமாம். 32 முதல் 64 வரை. நீங்கள் முப்பது வரை முடித்திருக்கிறீர்களே, மிச்சத்தையும் ஒருவர் தனியாகப் போட்டு, நான் தனியாகப் போட்டு ஒப்பிட்டால் என்ன என்று மகள் மூலம் சொல்லியனுப்பினார்.

"வேண்டாம்னு சொல்லட்டுமாப்பா?" என்று கேட்டாள். அந்தாளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா என்றேன். தாள் கொண்டுவரச் சொன்னேன்.

ஜூலை 9, வியாழன்

45 வரை ஒத்துப்போகிறது. 41-இல் அவர் தப்பு. 44-இல் நான்.

ஆகஸ்ட் 13, வியாழன்

இன்று காலை பதினொன்று இருபதுக்கு ஆய்வேடு கொடுத்தாயிற்று. ஐம்பத்திரண்டு பக்கம். ஹும் சார் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாராம். முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். வழக்கம்போலத்தான் என்றாள். மாலையில் எங்கேயும் போகவில்லை, கூடத்தில் கால்களைப் பரப்பிப் படுத்துத் தூங்கினாள். வாய் திறந்திருந்தது. இவள் மின்விசிறியை ஒரு புள்ளி ஏற்றிவிட்டுப் போனாள்.

ஆறரை மணிக்குப் போன். அவர்தான். மகளை எழுப்பட்டுமா என்றேன். வேண்டாம், உங்களிடம்தான் என்றார்.

"அம்பத்தெட்டாவது மரம். முச்சந்தியில எனக்குப் பன்னெண்டு வருது. உங்களுக்கு?"

தாளை எடுத்துப் பார்த்தேன். பதினொன்று. பதினொன்று என்று சொன்னேன். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். எனக்குப் பன்னிரண்டுதான் என்றார் மறுபடி, கொஞ்சம் தயக்கமாக. இரண்டு தடவை போட்டுப் பார்த்தாராம்.

"திரும்பப் போட்டுப் பாருங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நேரத் தகராறு செய்கிற டிரைவரிடம் பேசுகிற அதே குரலில்தான். திருப்தியாக இருந்தது.

பிறகு நானும் ஒரு தடவை போட்டேன். கடைசியில் முச்சந்தியைப் பார்க்காமலேயே முடித்திருக்கிறேன். அங்கே இன்னும் மிச்சம் இருந்தது. ஒன்று ஏற்றினேன். பன்னிரண்டு.

வைத்த போனை மறுபடி எடுத்தேன்.